ஒரே ஒரு விண்ணப்பம்

ஜெயப்ரியா வேலை பார்த்த அலுவலகத்தில் கப்பல்களுக்குக் குழாய் வரைபடம் போட்டார்கள். எந்தக் குழாய் எந்தத் தளத்தில் எந்தச் சுவரைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும் என்று கணினியில் வரைந்து கொரியாவுக்கு அனுப்புவார்கள். அங்கே கப்பல் கட்டும் தளத்தில் அதைப் பார்த்து இரும்பை வெட்டுவார்கள். கல்கத்தா சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் இருந்த அந்த ஆறாவது மாடிக்கு அவள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒப்பந்த ஊழியர். 2007 பிப்ரவரி முதல் வாரத்தில், கொரியாவில் இருக்கும் பூசானுக்கு நான்கு மாதம் போகப்போகிற இரண்டு பேரில் தன் பெயரும் இருக்கிறது என்று காலையில் தெரிந்துகொண்டாள். மதியமே, அது அவ்வளவு சுலபமாக நடக்காது என்பதும் தெரிந்துவிட்டது.

பயணங்களைக் கவனித்தவர் மிதாலிதி; 'தி' என்றால் அங்கே அக்கா. ஐம்பதை நெருங்கிய வங்காளி அம்மாள். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார், சொன்னதை மாற்றவும் மாட்டார்.

"பாஸ்போர்ட் இருக்கு, சரி. கிரெடிட் கார்டு?" என்று வங்காளியில் கேட்டார்.

"இல்லையே, மிதாலிதி. ஏ.டி.எம். கார்டு இருக்கு."

"அது ஆகாது. வெளிநாட்டுல செல்லணும், உன் பேரு அதுமேல அச்சடிச்சிருக்கணும். ஐம்பதாயிரமாவது லிமிட் இருக்கணும். போன வருஷம் நம்ம பையன் ஒருத்தன் கையில டாலரை வச்சுக்கிட்டு பூசான்ல ஹோட்டல் கவுன்ட்டர்ல ரெண்டு மணி நேரம் நின்னான். கார்டு இல்லாம ரூம் இல்லைன்னுட்டாங்க. அதுக்கப்புறம்தான் இந்த ரூல். செலவழிக்கறதை கம்பெனி திருப்பிக் கொடுத்துடும். ஆனா கார்டு உன்னோடதா இருக்கணும்."

"எப்போக்குள்ள வேணும்?"

"மார்ச் அஞ்சு, திங்கள்கிழமை காலையில பத்து மணிக்கு ஜெராக்ஸ் என் மேஜையில இருக்கணும். இல்லேன்னா அடுத்த பேரை அனுப்பிடுவேன். கோபிச்சுக்காதே."

அடுத்த பெயர் தேபாஷிஷ். ஜெயப்ரியாவுக்குப் பக்கத்து நாற்காலிக்காரன். அவன் பர்ஸில் மூன்று கார்டுகள் இருந்தன.

பூசானுக்குப் போய்த் திரும்பிய ஒப்பந்த ஊழியர்களை நிரந்தரமாக்கிவிடுவது அந்தக் கம்பெனியில் வழக்கம். ஜெயப்ரியாவுக்கு முப்பது வயது. டிப்ளமோ முடித்த நாளிலிருந்து நான்கு கம்பெனி மாறியிருந்தாள்; நான்கும் ஒப்பந்தம்தான். அப்பா மாரியப்பன் தூத்துக்குடியிலிருந்து மாற்றலாகி வந்து கல்கத்தா துறைமுகத்தில் வேலை பார்த்து, ஓய்வு பெற்று, மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். அம்மா நீலாவதியின் குடும்ப ஓய்வூதியமும் ஜெயாவின் சம்பளமும்தான் கார்டன் ரீச் வாடகை வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தன. பூசான் என்பது அவளுக்கு ஊர் பார்க்கும் ஆசை அல்ல.

அன்று மாலையே கீழ்த் தளத்தில் இருந்த, சம்பளம் போடுகிற வங்கியின் கவுன்ட்டருக்குப் போனாள். டை கட்டிய ஓர் இளைஞர் அவளுடைய விவரத்தைக் கேட்டுக்கொண்டு கணினியைத் தட்டினார்.

"கான்ட்ராக்டா? எங்ககிட்ட ஒரு வருஷம் முடிஞ்சிருக்கணும், மேடம். முன்னால எங்கேயாவது லோன் வாங்கியிருக்கீங்களா?"

"நாலு வருஷம் முன்னால கம்ப்யூட்டர் வாங்கினேன். பன்னிரண்டு தவணை. ஒண்ணுகூடத் தவறாமக் கட்டினேன்."

"அது ஒண்ணுதானா?" அவர் உதட்டைப் பிதுக்கினார். "உங்களைப் பத்தி பேங்க்குக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்னு அர்த்தம். கெட்ட பேரு இல்லை. ஆனா நல்ல பேருன்னு சொல்லவும் போதாது. ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பயந்துபோய் நாலு இடத்துல அப்ளை பண்ணிடாதீங்க. இப்போல்லாம் எல்லா பேங்க்கும் ஒரே இடத்துலதான் போய்ப் பார்க்குது. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னது அடுத்தவருக்குத் தெரிஞ்சுடும். உங்க நிலைமைக்கு ஒரே ஒரு விண்ணப்பம்தான். எங்கே போடறதுன்னு யோசிச்சுப் போடுங்க."

தர்மதலாவில் பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த ஒரே ஒரு விண்ணப்பம்தான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, அம்மாவின் ஓய்வூதியம் வருகிற அரசு வங்கிக்குப் போனாள். அங்கே கடன் பிரிவில் ரங்கராஜன் என்ற அதிகாரி இருந்தார். திருச்சிக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருடம் பாக்கி. தமிழ்க் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தாலும், காகித விஷயத்தில் கறாரானவர்.

"ஒங்களுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு," என்றார். "ஃபிக்ஸட் டெபாசிட் மேல கார்டு. டெபாசிட் நம்மகிட்ட இருக்கறதால பழைய கணக்கை யாரும் பெருசா நோண்ட மாட்டா. எழுபதாயிரம் போட்டேள்னா ஐம்பத்தாறாயிரத்துக்கு கார்டு வரும். ஆனா கார்டு இருக்கற வரைக்கும் அந்த டெபாசிட்டை ஒடைக்க முடியாது. இன்னொண்ணு, ஃபைல் டெல்லிக்குப் போய் வரணும். மூணு வாரம் பிடிக்கும். நாலாகவும் ஆகலாம்."

எழுபதாயிரம் இருந்தது. சரியாகச் சொன்னால் அதுதான் இருந்தது. மார்ச் ஐந்துக்கு இன்னும் இருபத்துமூன்று நாள். மூன்று வாரம் என்றால் சரியாக வந்துவிடும். நாலானால் எல்லாம் போயிற்று. விண்ணப்பத்தாளை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தங்கை சத்யப்ரியாவும் அவள் கணவன் சதீஷும் லேக் கார்டன்ஸிலிருந்து வந்தார்கள். சத்யாவுக்கு ஏழாம் மாதம். மாடிப்படியில் இரண்டு முறை நின்று ஏறி வந்தாள். சதீஷ் ரயில்வே குடும்பத்துப் பையன். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவன். ஒரு தனியார் வங்கிக்குக் கார்டு பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட்டாக ஒரு வருடமாக வேலை பார்த்தான். இஸ்திரி போட்ட சட்டை, தோளில் கறுப்புப் பை, எப்போதும் சிரித்த முகம். அன்று அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

"மதினி, உங்களுக்கு கார்டு வேணுமாமே? வீட்டுக்குள்ளேயே ஒருத்தனை வச்சுக்கிட்டு வெளியில அலையுறீங்களே!"

"எனக்கு எட்டு மாசம்தான் ஆகுது, தம்பி. அதுவும் கான்ட்ராக்ட். உங்க பேங்க்ல ஒத்துக்குவாங்களா?"

"உங்க கம்பெனி எங்க லிஸ்ட்ல இருக்கு. சம்பளச் சீட்டுகூட வேண்டாம். ஐ.டி. கார்டு, பான் கார்டு ரெண்டு ஜெராக்ஸ் போதும். பத்தே நாள்ல கார்டு வீட்டுக்கு வரும். டெபாசிட்டும் வேண்டாம்."

"இல்ல, நான் டெபாசிட் மேலயே வாங்கலாம்னு..."

நீலாவதி அடுக்களையிலிருந்து தோசைக் கரண்டியோடு வந்துவிட்டாள். "ஏட்டி, அந்த எழுவதாயிரத்தையும் கொண்டுபோய்ப் பூட்டிட்டேன்னா, இவ பிரசவத்துக்கு ஒரு அவசரம்னா நான் யாருகிட்டட்டி போய் நிப்பேன்? நீ அங்க எங்கயோ இருப்ப. அவரு பத்து நாள்ல வாங்கித் தாரேங்காரு. பொறவு என்ன?"

சத்யா ஜெயாவின் கையைப் பிடித்து உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அக்கா, அவர் வாயைத் திறந்து சொல்ல மாட்டார். டிசம்பர்ல டார்கெட் முடிக்கல. ஜனவரியிலயும் முடிக்கல. இந்த மாசமும் பதினஞ்சு கார்டு வரலைன்னா நிறுத்திடுவாங்க. இப்போ ஒன்பதுதான் ஆகியிருக்கு. ராத்திரியெல்லாம் தூங்கறதே இல்ல, தெரியுமா?"

"நான் ஒருத்தி போட்டா பத்துதானே ஆகும், சத்யா?"

"உன்னை வச்சு உன் ஆபீஸ்ல இன்னும் நாலு பேரைப் பிடிச்சிடலாம்னு நம்பிக்கிட்டு இருக்கார்." சத்யாவின் கண் கலங்கிவிட்டது. "நீ வேண்டாம்னா அவர் ஒண்ணும் சொல்ல மாட்டார். ஆனா சொந்த மதினியே நம்பலைன்னு நினைப்பார்."

ஜெயா வெளியே வந்தாள். சதீஷ் விண்ணப்பத்தாளை மேஜையில் விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய மூன்று இடங்களிலும் பென்சிலால் புள்ளி வைத்திருந்தான். மற்றக் கட்டங்கள் காலியாக இருந்தன.

"இதெல்லாம் நிரப்ப வேண்டாமா?"

"அதை நான் பாத்துக்கறேன், மதினி. எந்தக் கட்டத்துல எப்படி எழுதணும்னு ஒரு முறை இருக்கு."

அந்த முறை என்ன என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கிடைக்கும் பதில் பிடிக்காது என்று உள்ளுக்குள் தோன்றியதாலோ என்னவோ, கேட்கவில்லை. மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். சதீஷின் முகத்தில் அப்போது வந்த நிம்மதியைப் பார்த்ததும், செய்தது சரிதான் என்றுகூட நினைத்துக்கொண்டாள். ரங்கராஜன் கொடுத்த தாள் அவளுடைய கைப்பையிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளுடைய செல்போன் ஒரு தடவை அதிர்ந்தது. சதீஷின் குறுஞ்செய்தி. 'மதினி, இன்று வெரிஃபிகேஷன் கால் வரும். என்ன கேட்டாலும் ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள். தயவுசெய்து.'

அந்த 'தயவுசெய்து'வை இரண்டு முறை படித்தாள். திருப்பி அழைத்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். அப்போதும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு டீம் லீடர் மேஜையில் இருந்த தொலைபேசி அடித்தது. "ஜெயப்ரியா, உனக்கு ஏதோ பேங்க்ல இருந்து," என்று ரிசீவரை நீட்டிவிட்டு அவர் கான்ஃபரன்ஸ் அறைக்குப் போய்விட்டார். பக்கத்து நாற்காலியில் தேபாஷிஷ் தலை நிமிராமல் மவுஸை நகர்த்திக்கொண்டிருந்தான்.

மறுமுனையில் ஒரு பெண் இங்கிலீஷில் பேசினாள். மும்பையிலிருந்தோ எங்கிருந்தோ. மரியாதையான, சுறுசுறுப்பான குரல். பெயர், பிறந்த தேதி, தாயார் பெயர், வீட்டு விலாசம். ஜெயா ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றாள். எல்லாம் உண்மைதான்.

"பதவி சீனியர் டிசைன் இன்ஜினியர். நிரந்தர ஊழியர். சரியா?"

ஜெயா ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஹலோ? மேடம்?"

"கேட்குது. சொல்லுங்க."

"இந்த நிறுவனத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறீர்கள். மாதச் சம்பளம் இருபத்துநான்காயிரம். இதெல்லாம் சரிதானே?"

அவள் சம்பளம் பதினோராயிரம். ஓர் 'ஆமாம்' போதும். பத்து நாளில் கார்டு வந்துவிடும். சதீஷுக்குப் பத்தாவது கார்டு ஆகிவிடும். டெபாசிட்டை யாரும் தொட வேண்டாம். அம்மா நிம்மதியாக இருப்பாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி விமானம். இதெல்லாம் ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. கூடவே இன்னொன்றும் வந்தது. இந்தப் பெண் அடுத்து ஹெச்.ஆருக்கு ஒரு போன் போட்டால்? ஹெச்.ஆர். அறை மூன்று கதவு தள்ளி இருந்தது. அங்கே இருப்பவர் ஃபைலைத் திறந்து பார்த்து, அப்படி யாரும் சீனியர் இன்ஜினியர் இங்கே இல்லையே என்றால்? பூசான் இருக்கட்டும், நாளைக்கு இந்த நாற்காலி இருக்குமா?

பின்னாளில் யாராவது அவளுடைய நேர்மையைப் புகழ்ந்தால் அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த நேரத்தில் நேர்மை எதுவும் நினைவுக்கு வரவில்லை. பயம்தான் இருந்தது.

"இல்லை," என்றாள். "நான் கான்ட்ராக்ட்ல இருக்கேன். எட்டு மாசம்தான் ஆச்சு. சம்பளம் பதினோராயிரம்."

மறுமுனையில் கீபோர்டு சத்தம் நின்றது.

"அப்படியானால் இந்த விண்ணப்பத்தை நிரப்பியது யார், மேடம்? எங்கள் ஏஜென்ட்டா? அப்படி என்றால் நான் குறித்துக்கொள்ள வேண்டும்."

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. குறித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சதீஷுக்கு இந்த வேலை மட்டுமல்ல, எந்த வங்கியிலும் வேலை கிடைக்காது. படியில் மூச்சு வாங்க நின்ற சத்யாதான் கண்ணுக்குள் வந்தாள்.

"கையெழுத்து என்னோடது," என்றாள். "அதுல என்ன தப்பு இருந்தாலும் நான்தான் பொறுப்பு. அந்த விண்ணப்பம் எனக்கு வேண்டாம். திரும்ப வாங்கிக்கிறேன்னு எழுதிக்கோங்க."

"இது உங்கள் பெயரில் பதிவாகலாம், மேடம். புரிகிறதா?"

"புரியுது."

ரிசீவரை வைத்தபோது தேபாஷிஷ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எல்லாம் சரியா?" என்றான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். அவள் தலையாட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டு போயிருந்தது. விண்ணப்பம் ரத்தானது சதீஷுக்குத் தெரிந்துவிட்டது. அவன் வழியாக சத்யாவுக்கு. அவள் வழியாக அம்மாவுக்கு.

"ஒரு வார்த்த சொல்லுதுக்கு உனக்கு என்னட்டி?" என்றாள் நீலாவதி. "ஆமான்னு ஒரு வார்த்த! புள்ளத்தாச்சிப் பொண்ணு அங்க அழுதுக்கிட்டு கெடக்கா."

"அம்மா, அதுல இருந்தது பூராப் பொய். மாட்டிக்கிட்டா என் வேலையும் போயிருக்கும்."

"யாரு வந்து பாக்கப் போறா? ஊர்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க."

ஜெயாவின் கோபம் அம்மா மேலோ சதீஷ் மேலோ இல்லை. காலித் தாளில் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்ட தன் கையின் மேல்தான் இருந்தது. ஒரே ஒரு விண்ணப்பம் என்று சொல்லியிருந்தார்கள். அது போய்விட்டது. போனதோடு ஒரு வடுவையும் விட்டுவிட்டுப் போயிருக்கிறதா என்று தெரியவில்லை.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு ரங்கராஜன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"மூணு வாரம்னு சொன்னேன். நீங்க ரெண்டு வாரம் இருக்கறச்சே வந்து நிக்கறேள்."

"சார், இன்னொரு விஷயம் சொல்லணும்." நடந்ததைச் சொன்னாள். சதீஷ் பெயரை மட்டும் விட்டுவிட்டு மற்றதெல்லாம் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதைச் சொல்லாம விட்டிருந்தா டெல்லியில கேள்வி வந்திருக்கும், அப்புறம் ஃபைல் திரும்பி வந்திருக்கும். சரி. நடந்ததை ஒரு லெட்டரா எழுதிக் குடுங்கோ. பின்ன விண்ணப்பத்தை இங்கேயே, என் முன்னாடியே, உங்க கைப்பட நிரப்புங்கோ. ஒரு கட்டம் காலியா இருக்கப்படாது."

'வேலையின் தன்மை' என்ற கட்டத்தில் ஒப்பந்தம் என்று எழுதினாள். 'காலம்' என்ற கட்டத்தில் எட்டு மாதம் என்று எழுதினாள். எழுபதாயிரமும் அன்றே டெபாசிட் ஆனது. அம்மாவிடம் இரவுதான் சொன்னாள். நீலாவதி தட்டை எடுத்து வைத்தாள்.

அடுத்த பத்து நாட்கள் எப்படிப் போயின என்று அவளால் பின்னால் கோவையாகச் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு நாளும் மதிய இடைவேளையில் மாடிப்படிக்குப் போய் ரங்கராஜனுக்குப் போன் செய்வாள். ஃபைல் போய்விட்டது. ஃபைல் சேர்ந்துவிட்டது. ஃபைலை இன்னும் யாரும் எடுக்கவில்லை. ஒரு நாள் அவர் விடுப்பு. அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேபாஷிஷ் மெடிக்கல் டெஸ்ட் முடித்துவிட்டு வந்தான். "சும்மா, ஒரு முன்னெச்சரிக்கைக்குத்தான். மிதாலிதி சொன்னாங்க," என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

பிப்ரவரி கடைசி நாள் சதீஷை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு கார்டு ஆகியிருந்ததாம். ஜெயா லேக் கார்டன்ஸுக்குப் போன் செய்தாள். சத்யா எடுத்து, "அவர் வெளியில போயிருக்கார்க்கா," என்றாள். பின்னால் அவன் இருமுகிற சத்தம் கேட்டது.

மார்ச் இரண்டு, வெள்ளிக்கிழமை மதியம் ரங்கராஜனே கூப்பிட்டார். "கார்டு ஆயிடுத்து! லெட்டர் வச்சிருந்ததால டெல்லியில கேள்வியே வரல, புதன்கிழமையே அனுப்பிட்டா. இன்னிக்கு ஒங்க வீட்டுக்கு வரணும். கூரியர் நம்பரை எழுதிக்கோங்கோ."

ஜெயா வீட்டு எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்து தடவை அடித்தாள். பிறகு கம்பெனியில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். கார்டன் ரீச் வந்து சேர நாலு மணி ஆகிவிட்டது. கதவு பூட்டியிருந்தது. கதவிடுக்கில் ஒரு சீட்டு: வீடு பூட்டியிருந்தது, மறுமுறை திங்கள் பிற்பகல்.

சத்யாவுக்கு இடுப்பு வலி என்று போன் வந்து நீலாவதி அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போயிருந்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஏழு மணிக்குத் திரும்பி வந்த அம்மா, வாசற்படியிலேயே சீட்டும் கையுமாக உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"என்னாலயாட்டி?"

"இல்லம்மா," என்றாள் ஜெயா. அழக்கூட வரவில்லை. திங்கள் பத்து மணிக்கு ஜெராக்ஸ். திங்கள் பிற்பகல் கார்டு. கூரியர் அலுவலக எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். நாளை டோல் பண்டிகை, அதாவது ஹோலி; மறுநாள் ஞாயிறு, திங்கள்தான் என்றார்கள்.

நீலாவதி எழுந்து போய்த் தொலைபேசியை எடுத்தாள். லேக் கார்டன்ஸுக்குத்தான் பேசினாள். என்ன பேசினாள் என்று ஜெயா காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கீழே மோட்டார் பைக் சத்தம் கேட்டது. சதீஷ் மேலே வரவில்லை. ஹாரன் அடித்தான். ஜெயா இறங்கிப் போனாள்.

"பாஸ்போர்ட், ஐ.டி. கார்டு, அந்தச் சீட்டு, மூணையும் எடுத்துக்கோங்க," என்றான். முகத்தைப் பார்க்கவில்லை. "தாராதலாவுல அவங்க கோடவுன் இருக்கு. எல்லா பேங்க்கு கார்டும் அங்கேதான் வந்து இறங்கும். இன்னிக்கு டெலிவரிதான் இல்ல, பிரிக்கிற ஆளுங்க மத்தியானம் வரைக்கும் இருப்பாங்க."

வழியெல்லாம் வண்ணப் பொடி. சந்துகளில் பிள்ளைகள் வாளியோடு நின்றார்கள். எங்கே யாராவது நிறுத்தி நனைத்துவிடுவார்களோ, பாஸ்போர்ட் நனைந்துவிடுமோ என்று அவள் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

கோடவுன் வாசலில் இருந்த சூப்பர்வைசருக்கு அவனைத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததுதான் இடைஞ்சலாகப் போயிற்று.

"நீ ஏஜென்ட். உன்னை உள்ளே விட்டா என் வேலை போயிடும்," என்றார் ஹிந்தியில்.

"நான் இப்போ ஏஜென்ட் இல்ல, அண்ணே. நிறுத்திட்டாங்க."

"அப்பவும் விட முடியாது. நேத்துத் திரும்பி வந்த பை கட்டியே கிடக்கு. திங்கட்கிழமைதான் பிரிப்போம்."

ஜெயா சீட்டை நீட்டினாள். நிலைமையைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முக்கால் மணி நேரம் நின்றார்கள். சதீஷ் கெஞ்சினான், கோபப்பட்டான், மறுபடி கெஞ்சினான். கடைசியில், "என்னை விடவேண்டாம். இந்தம்மா மட்டும் உங்க ஆளு முன்னாடி உட்கார்ந்து அந்தப் பையைத் தேடட்டும். அவங்க பேரு, அவங்க போட்டோ, எல்லாம் கையில இருக்கு. அவங்களோடதைத் தவிர வேற ஒண்ணைத் தொட்டாங்கன்னா போலீஸைக் கூப்பிடுங்க. நான் இங்கேயே வாசல்ல உட்கார்ந்திருக்கேன்," என்றான்.

சூப்பர்வைசர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்தார்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. மூன்று பைகள். முதல் பையில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பையைக் கொட்டியபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது; பெயர்கள் எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. பிரித்துக் கொடுத்த ஆள்தான் ஓர் உறையை உயர்த்தி, "மாரியப்பன் ஜெயப்ரியா?" என்றான். வங்கி அப்பாவின் பெயரை முன்னால் போட்டிருந்தது. அதனால்தான் அவள் கண்ணில் படாமல் இரண்டு தடவை கைக்கடியில் போயிருக்கிறது.

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சதீஷ் எதிர்ப்புற நடைபாதையில் உட்கார்ந்திருந்தான். யாரோ அவன் தலையிலும் தோளிலும் பச்சைப் பொடியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் தட்டிக்கூட விடவில்லை.

"கிடைச்சுதா?"

அவள் உறையைக் காட்டினாள். அவன் எழுந்து வண்டியின் பக்கத்தில் போய் நின்றான். சாவியைப் போடவில்லை.

"எங்க டீம் லீடர் சொன்னார், மதினி. ஃபார்மை நிரப்பினது யாருன்னு கேட்டதுக்கு நீங்க என் பேரைச் சொல்லலைன்னு. சொல்லியிருந்தா எல்லா பேங்க்லயும் என் பேரை ஒட்டிவச்சிருப்பாங்க."

"நீங்க பொய் எழுதப் போறீங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தம்பி."

"சொன்னா கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல." அவன் சாவியைக் கைக்குள் உருட்டினான். "ஆனா நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா என் வேலை தப்பியிருக்கும்னுதான் இன்னிக்கும் தோணுது. தப்புன்னு தெரியுது, ஆனாலும் தோணுது."

அவளுடைய ஒரு கார்டு சேர்ந்திருந்தாலும் பதின்மூன்றுதான் ஆகியிருக்கும். அதை அவனும் அறிவான். சொல்லிக் காட்டுவதில் என்ன இருக்கிறது? "வாங்க, சத்யாவைப் பார்த்துட்டுப் போகலாம்," என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மிதாலிதி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே எழுந்து போய் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். தேபாஷிஷ் அவள் கையைக் குலுக்கினான். அன்று மதியம் அவன் யாரோடும் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் தேதி ஜெயப்ரியா கிளம்பினாள். பூசான் ஹோட்டல் கவுன்ட்டரில் இருந்த பெண் கார்டை வாங்கி இயந்திரத்தில் இழுத்தாள். ரசீது வெளியே வருகிறவரை ஜெயா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.

ஏப்ரல் கடைசியில் சத்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சிக்கல் எதுவும் இல்லை. டெபாசிட்டைத் தொட வேண்டி வரவில்லை. சதீஷ் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் வண்டி புக்கிங் பார்க்கச் சேர்ந்திருந்தான். சம்பளம் குறைவு, ஆனால் டார்கெட் கிடையாது. ஜூலையில் அவள் திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்கு அவன்தான் வண்டியோடு வந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான், சாப்பிட்டீங்களா மதினி என்று கேட்டான். பழைய சிரிப்பு முழுவதும் வரவில்லை. குழந்தை யார் ஜாடை என்று அவள் கேட்டதற்கு, வண்டியைக் கிளப்பிக்கொண்டே, "நீங்களே வந்து பார்த்துச் சொல்லுங்க," என்றான்.